பிப்ரவரியில் ஒரு பிர்ச் இலை

அத்தியாயம் 4

கதவு திறப்பதற்கு முன்பே வசவு வந்துவிட்டது.

"மணியை ஒரு தடவை அடிச்சா போதும்! எனக்கு ஒண்ணும் காது செவிடு இல்ல!"

ஆர்ட்டு மணியிலிருந்து விரலை எடுத்தான். "வரவேற்பு பலமா இருக்கு பாஸ். ஆரத்தித் தட்டு எடுக்கத்தான் உள்ள போயிருக்காரோ?"

இம்பி மஃப்ளரை மூக்கு வரை இழுத்துவிட்டாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. தேவையில்லாமல் வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று நம்புகிறவள். இன்சூரன்ஸ் கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுப்பது ஒரே ஒரு வேலைக்காக. கருகிப்போன டிவி, வெடித்துப்போன வாஷிங் மெஷின், மூச்சை விட்ட கம்ப்யூட்டர் இவையெல்லாம் எப்படிச் செத்தன, யார் கைவரிசை என்று கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். ஆர்ட்டு அவளுடைய உதவியாளன். கருவிப் பையைத் தூக்குவான், காரை ஓட்டுவான், இந்த வடகோடிக் கயானி ஊரிலேயே லிஃப்டில் வாய் ஓயாமல் பேசுகிற ஒரே மனிதன் என்ற கெட்ட பெயரையும் காப்பாற்றி வந்தான்.

அவர்களுக்கு இரண்டு படி கீழே, கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றிருந்தாள் சைமி. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் மாத்திரை கொடுத்து, வீட்டைப் பெருக்கி, நலம் விசாரித்துவிட்டு வரும் வேலை அவளுடையது. போன வியாழக்கிழமை அவள் தண்ணீர் ஊற்றித் தன் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டதாக இந்த வீட்டுக் கிழவர் வில்ஹோ புகார் எழுதியிருந்தார். இன்று இரண்டு மணிக்கு அவள் ஆபீஸில் விசாரணை. இம்பியின் அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் விழப்போகும் ஒரு வரியில் அவள் வேலை ஊசலாடியது. இப்போது மணி பன்னிரண்டே கால்.

"வேணும்னேதான் எழுதியிருக்கார்," என்றாள் சைமி தாழ்ந்த குரலில். "அவருக்குக் கண்ணு சரியில்லன்னு டாக்டர்கிட்ட சொன்னவ நான்தான். ஜனவரில லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. அன்னிலேர்ந்து என்னைப் பாத்தாலே பாம்பைப் பாத்த மாதிரிதான்."

ஆர்ட்டுவுக்குச் சுருக்கென்றது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு நீலக் காரைப் பார்த்திருந்தான். மற்ற கார்களின் மேல் முழ உயரத்துக்குப் பனி கிடக்க, அது மட்டும் துடைத்து வைத்தது போல் இருந்தது. கிளம்பும் முன் உறைந்த எஞ்சினைச் சூடாக்கும் மின்கேபிள் கம்பத்தில் செருகியிருந்தது. கம்பத்தில் இந்த வீட்டு எண்.

"ஓட்டக் கூடாத காருக்கு எதுக்கு பாஸ் சூடு?" என்று காதோடு கேட்டான்.

"மறந்துடாதே," என்றாள் இம்பி.

கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாடி.

"ரெண்டு பேரும் வரலாம். அந்தப் பொண்ணு வெளியவே நிக்கட்டும். என் வீட்டு வாசலைத் தாண்டினா போலீஸைக் கூப்பிடுவேன்."

"அவங்க பக்கத்தையும் கேக்கணுமே," என்றாள் இம்பி.

"அவ பக்கம் படிக்கட்டுல இருக்கு. அங்கேயே இருக்கட்டும். டேய் கொக்கு, ஷூவைக் கழட்டு!"

கொக்கு என்றது ஆர்ட்டுவை. ஆறடி மூன்றங்குலம் வளர்ந்தவனுக்கு அது புதிதல்ல. ஷூவைக் கழற்றினான். இடது கால் கம்பளிச் சாக்ஸிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கதவு சைமியின் முகத்தில் அறைந்து மூடியது. ஆனால் மறுகணமே, கடிதம் போடும் தகடு கிரீச்சென்று உயர்ந்து அவள் குரல் உள்ளே நுழைந்தது.

"நான் இங்கேயேதான் இருக்கேன்."

"சனியன்!" என்றார் வில்ஹோ.

வீடு சுத்தமாகத்தான் இருந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்து, மூடி தடதடத்து, ஜன்னலெல்லாம் ஆவி பூத்திருந்தது. வெளியே மைனஸ் இருபத்தேழு. சுவரில் ஒரு ரயில் எஞ்சினின் படம். நாற்பது வருஷம் ரயில் ஓட்டியவர் வில்ஹோ. அதை இதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

"நாப்பது வருஷம் சிக்னல் பாத்த கண்ணு இது. நேத்து வந்த பொண்ணு சொல்றா, எனக்குப் பார்வை இல்லையாம்!"

"கம்ப்யூட்டர் எங்க?" என்றாள் இம்பி.

"கண்ணு எதுக்கு வெச்சிருக்கே? மேஜை மேலதானே இருக்கு!"

கறுப்புப் பெட்டி. இரண்டடி தள்ளி ஜன்னல் விளிம்பில் இரண்டு ஜெரேனியம் தொட்டிகள். பெட்டியின் பக்கத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம். இம்பி பெட்டியைத் தொடவே இல்லை. மேஜை விளக்கின் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் செருகியிருந்த சுவர்ப் பாயிண்டில் செருகினாள். விளக்கு எரிந்தது.

"பாதி கேஸு சுவத்துலயே முடிஞ்சிடும்," என்று ஆர்ட்டு விளக்கம் சொன்னான். "போன மாசம் ஒரு அம்மா, மதர்போர்டையே மாத்தணும்னு அழுதாங்க. போய்ப் பாத்தா அவங்க பூனை பிளக்கை உருவிட்டுத் தூங்குது."

"உன்னை யார் கேட்டா?"

"யாருமே கேக்கறதில்ல சார். நானா சொல்லிக்கறதுதான்."

இம்பி ஒயரை மாற்றினாள். பட்டனை அமுக்கினாள். மூச்சு பேச்சில்லை. பின்பக்கம் குனிந்து முகர்ந்தாள். கருகின வாடை. திருப்புளிக்காகக் கையை நீட்டினாள். கேட்காமலே ஆர்ட்டு அதை வைத்தான்.

"வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லுங்க, வில்ஹோ."

"எழுதிக் கொடுத்திருக்கேனே! காலைல ஒன்பது மணிக்கு அவ வந்தா. செடிக்குத் தண்ணி ஊத்தினா. ஒன்பதரைக்குத் தொலைஞ்சா. பத்து மணிக்கு நான் பட்டனை அமுக்கினேன். பட்டுனு ஒரு சத்தம். கருகின நாத்தம். தூக்கிச் சாய்ச்சா உள்ளேர்ந்து சொட்டுச் சொட்டா தண்ணி விழுது. வீட்ல நானும் அவளும்தான். நான் ஊத்தல. மிச்சம் யாரு? இதுக்கு ஒரு துப்பறியும் சிங்கம் வேற!"

கடிதத் தகடு உயர்ந்தது. "நான் அந்த மேஜைகிட்டயே போகல! தூரத்துலேர்ந்து பாத்து, 'பெட்டி மேல வெள்ளையா தூசி படிஞ்சிருக்கு, துடைக்கட்டுமா'ன்னுதான் கேட்டேன். 'தொடாதே'ன்னு கத்தினார்!"

"கேட்டீங்களா புளுகை? கறுப்புப் பெட்டி எப்படிடி வெள்ளையாகும்?"

"வெள்ளையாத்தான் இருந்தது!"

"மூடு அதை!" வில்ஹோ விடுவிடுவென்று போய்த் தகட்டைக் காலால் உதைத்தார். வெளியே விரல் நசுங்கிய ஒரு 'ஆ' கேட்டது. ஆர்ட்டுவுக்குக் கிழவர் மேல் நிஜமாகவே வெறுப்பு வந்தது. வயதைப் பார்த்துப் பொறுக்க வேண்டும் என்பார்கள். சில பேரை வயதுக்காகப் பொறுப்பதென்றால் அவர்கள் நூறு வயதாவது தாண்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இம்பி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டாள்.

"உள்ள ஒரு பூனையே செத்துக் கிடக்கு பாஸ்," என்றான் ஆர்ட்டு.

பூனை இல்லை, தூசி. ஃபேனைச் சுற்றி, இறக்கைகளுக்கு நடுவே, சாம்பல் நிறக் கம்பளியாக அடைத்திருந்தது. ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. இம்பி அந்தக் குறுக்கெழுத்துப் புத்தகத்தை எடுத்து ஆர்ட்டுவிடம் நீட்டினாள்.

"எத்தனை நாளா இது இங்க இருக்கு?" என்று வில்ஹோவைக் கேட்டாள்.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. இப்பல்லாம் போடறதில்ல. போரடிக்குது."

"தாள் ஒண்ணுகூடச் சுருங்கல பாஸ்," என்றான் ஆர்ட்டு புரட்டிப் பார்த்து. "பெட்டிக்குள்ள வெள்ளம், பக்கத்துல பாலைவனம்."

"இன்னொண்ணு பாரு." அவள் மேல்தகட்டின் அடிப்பக்கத்தை டார்ச்சால் காட்டினாள். கீழ்நோக்கிய அந்தப் பரப்பு முழுக்கக் காய்ந்த துளிகளின் வட்டங்கள். பிறகு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரித்தாள். நாலு பக்கமும் மூடிய அதற்குள்ளும் அதே வட்டங்கள். நடுவில் ஒரு கருகல்.

"மேலேர்ந்து ஊத்தின தண்ணி கீழ ஓடும்," என்றாள் இம்பி. "கூரைக்கு அடியில ஏறிப் போய் ஒட்டிக்காது."

வில்ஹோவின் தாடை இறுகியது. "எனக்கென்ன தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்!"

இம்பி ஒரு சின்ன பிரஷ்ஷால் முன்பக்கக் கிராதியைத் தட்டினாள். தூசியோடு ஏதோ ஒன்று மேஜையில் விழுந்தது. அதை இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். காய்ந்த, பல்விளிம்பு உள்ள, கட்டைவிரல் நகம் அளவு இலை.

"பிர்ச் இலை," என்றாள்.

ஆர்ட்டு ஆவி படிந்த ஜன்னலைக் கையால் துடைத்து வெளியே எட்டிப் பார்த்தான். நாலாவது மாடி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரங்கள் மொட்டையாக நின்றன.

"பிப்ரவரில பிர்ச் இலை. ஒண்ணு, இந்தக் கம்ப்யூட்டர் வசந்தத்தை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணியிருக்கணும். இல்லேன்னா..." அவன் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"டேய்! அதைத் திறக்காதே! சூடு போயிடும்!"

இத்தனை வருஷத்தில் ஆர்ட்டு கற்ற பாடம் ஒன்று. எந்தக் கதவைத் திறக்காதே என்கிறார்களோ அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். திறந்தான். குளிர் முகத்தில் அறைந்தது. கண்ணாடி அடைத்த பால்கனியில், சௌனா எனும் நீராவிக் குளியலில் உடம்பைத் தட்டிக்கொள்ளக் கோடையில் கட்டி வைத்த பிர்ச் தழைக் கட்டுகள் நாலு, கொடியில் தொங்கின. அதற்கு நேர் கீழே ஒரு முக்காலி. முக்காலியெங்கும் உறைபனி. நடுவில் மட்டும் ஒரு செவ்வகம் கட்டை நிறத்தில் தெரிந்தது. பக்கத்தில் மூடி போட்ட ஓர் இரும்புச் சட்டி. ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு ஒயர் உள்ளே போயிருந்தது.

அவன் கதவை மூடிவிட்டு வந்து பெட்டியின் அடியைச் சாணால் அளந்தான். "பொருத்தம் பாத்தாச்சு பாஸ். பத்துக்குப் பத்து. முக்காலியைக் கட்டி வெச்சுடலாம்."

இம்பி இடுக்கியிலிருந்த இலையை வில்ஹோவின் முன்னால் வைத்தாள்.

"ஆமா வெச்சேன்!" வில்ஹோ மேஜையைக் குத்தினார். "என் பெட்டி, என் பால்கனி! பத்து நிமிஷம் ஓடினா சூடாகித் தானா அணைஞ்சு போகுது. ஊரெல்லாம் குளிரு ஓசில கிடக்கு. தூக்கி அங்க வெச்சேன். புதன்கிழமை ராத்திரி வரைக்கும் அருமையா ஓடிச்சு. அணைச்சிட்டு அங்கயே விட்டுட்டுத் தூங்கிட்டேன்."

"அணைஞ்சு போனதுக்குக் காரணம் இந்தத் தூசி," என்றாள் இம்பி. "ஃபேன் மூச்சுத் திணறியிருக்கு. ஒரு பிரஷ்ஷும் அஞ்சு நிமிஷமும் போதும். பால்கனி தேவையே இல்ல."

கிழவரின் கழுத்து சிவந்தது. நாற்பது வருஷம் எஞ்சின் ஓட்டியவரிடம் தூசி தட்டச் சொல்லித் தந்தால் வேறென்ன ஆகும்.

"அப்புறம் ஏன் மறைச்சீங்க?" என்றான் ஆர்ட்டு.

"நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்புறம் வெயிட் தூக்கக் கூடாதுன்னு அவ சட்டம் போட்டிருக்கா. கண்ணுக்கு ஒரு புகார் கொடுத்தவ, இதுக்கும் ஒண்ணு எழுத மாட்டாளா? எட்டரைக்கே உள்ள கொண்டு வந்து வெச்சுட்டேன்."

"அப்ப வெளிக் குளிர்லேர்ந்து ஈரமான ரூமுக்குள்ள. உள்ள, வெளிய, எல்லா இடத்துலயும் பனி படிஞ்சு உருகியிருக்கு. நீங்க பட்டனை அமுக்கி..." என்று தொடங்கினான் ஆர்ட்டு.

"நிறுத்துடா!" இந்த முறை அவர் குரலில் கோபத்தோடு வேறொன்றும் இருந்தது. "என்னை என்னன்னு நினைச்சே? குளிர்லேர்ந்து வந்த சாமானைப் பனி போறதுக்கு முன்னாடி போடக் கூடாதுன்னு இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். நான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். குனிஞ்சு, கிட்டப் போய்ப் பாத்தேன். பனி இல்ல. ஈரம் இல்ல. கறுப்பா, காஞ்சு இருந்தது. அதனாலதான் சொல்றேன், அவ ஊத்தினதுதான்!"

"பொய்யை அவிச்சு, தோலுரிச்சு, உப்புப் போட்டுத் தட்டுல வைக்கறார் பாஸ்," என்றான் ஆர்ட்டு. "எழுதிடுங்க. கிளம்பலாம். மணி ஒண்ணாகப் போகுது."

இம்பி பேனாவை எடுக்கவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. முதல் தடவையாக வில்ஹோவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் பொய் சொல்லல," என்றாள். "ஆர்ட்டு, அந்த இரும்புச் சட்டியைக் கொண்டு வா."

"அது என் மத்தியானச் சாப்பாடு! நேத்து வறுத்த மீன்!"

"சாப்பிட மாட்டோம்."

ஆர்ட்டு கையுறையோடு சட்டியைத் தூக்கி வந்து மேஜையில், வில்ஹோவுக்கு ஒரு முழம் முன்னால் வைத்தான். கனத்த கறுப்பு இரும்பு. இம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூடியின் விளிம்பில் தொடங்கி, நடுவை நோக்கி, பிறகு கைப்பிடியில், வெள்ளை ஊர்ந்து ஏறுவதை ஆர்ட்டு பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் சட்டி முழுக்க மாவில் புரட்டி எடுத்தது போல் ஆகிவிட்டது.

"வில்ஹோ, இந்தச் சட்டி எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அவர் குனிந்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். மூக்கு மூடியைத் தொடும் அளவுக்கு.

"எப்படி இருக்கும்? எப்பவும் போல இருக்கு. முப்பது வருஷமா வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கறுப்பா இருக்கு."

ஆர்ட்டு வாயைத் திறந்தான். கைவசம் எப்போதும் மூன்று நாலு கிண்டல்கள் தயாராக இருக்கும். இப்போது அவன் சட்டியையும் கிழவரின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ சொல்லு," என்றாள் இம்பி அவனிடம்.

"வெள்ளை, சார்."

"கேலியா பண்றே?"

"இல்ல சார். வந்ததுலேர்ந்து நான் சொன்னதுல இது ஒண்ணுதான் கேலி இல்ல."

வில்ஹோ ஒரு விரலை மூடியின் மேல் வைத்தார். சுருக்கென்று இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்து, மெதுவாக ஒரு கோடு இழுத்தார். வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடு பளிச்சென்று விழுந்தது. அவர் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. நனைந்த விரல் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்ட்டுவுக்கு அந்த அறையில் நிற்கவே கூச்சமாக இருந்தது. கை சும்மா இருக்காமல் பையிலிருந்து மாற்று எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டத் தொடங்கினான். இம்பி தூசியைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஒயரைச் செருகிப் பட்டனை அமுக்கினான். ஃபேன் சுழன்றது. பீப் என்று ஒரே ஒரு குரல். எஸ்.எம்.பி.எஸ். தான் வெடித்து மற்றதையெல்லாம் காப்பாற்றியிருந்தது. திரை மெல்ல வெளிச்சமாகி எழுத்துகள் வந்தன. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். ஒரு வார்த்தைக்கே திரை போதவில்லை.

குறுக்கெழுத்துப் புத்தகம் ஏன் கிறிஸ்துமஸிலிருந்து போரடிக்கிறது என்று ஆர்ட்டுவுக்குப் புரிந்தது.

"என்ன எழுதப் போறே?" என்றார் வில்ஹோ.

இம்பி எழுதிக்கொண்டே படித்தாள். "'குளிரிலிருந்து கொண்டுவந்த கணினியில் பனி உருகி ஈரம் கோத்தது. வெளியாள் யார் மேலும் தவறு இல்லை.'"

"கண்ணைப் பத்தி?"

"நான் மெஷினுக்குத்தான் காரணம் எழுதறவ." காகிதத்தை மடித்தாள். "ஆனா கீழ ஒரு நீலக் கார் சூடாயிட்டிருக்கு. எத்தனை மணிக்குக் கிளம்பறதா இருந்தீங்க?"

வில்ஹோ தாடியைத் தடவினார்.

"எங்க?"

"ஏரிக்கு. பனியில துளை போட்டு மீன் பிடிக்க. மூணு கிலோமீட்டர்தான். கண்ணை மூடிட்டே ஓட்டுவேன்."

அந்த வழியில் ரயில்வே கிராஸிங் ஒன்று உண்டு. தடுப்பு கிடையாது, வெறும் சிவப்பு விளக்குதான். ஆர்ட்டு அதைச் சொல்ல வாயெடுத்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. வில்ஹோவின் முகம் சுவரில் இருந்த எஞ்சின் படத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணுல," என்றார் கிழவர், யாரிடம் என்றில்லாமல். "கிராஸிங்ல ஒரு கார் குறுக்க வந்துது. ஹாரன் அடிச்சேன், பிரேக் போட்டேன், ரயில் நிக்குமா? அவன் பொழைச்சான். பக்கத்துல உக்காந்திருந்த அவன் பொண்டாட்டி பொழைக்கல. கோர்ட்டுல நின்னு சொன்னான், 'நான் பாத்தேன். சிவப்பு எரியல. ரயில் வரல'ன்னு. நான் எழுந்திரிச்சு, எல்லார் முன்னாடியும், அவனைப் பொய்யன்னேன்."

உருளைக்கிழங்குத் தண்ணீர் பொங்கி அடுப்பில் சீறியது. இம்பி அடுப்பை அணைத்தாள்.

வில்ஹோ எழுந்தார். நடைவழியில் தொங்கிய கோட்டின் பையைத் துழாவினார். சுவரைத் தடவிக்கொண்டு கதவுக்குப் போய் சங்கிலியைக் கழற்றித் திறந்தார். சைமி வாசல்படியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நசுங்கிய விரல் வாயில் இருந்தது. சடாரென்று எழுந்தாள்.

"எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டியா?"

"கேட்டேன்."

"கையை நீட்டு."

அவள் தயங்கி நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தேடிப் பிடித்து, அதில் கார் சாவியை வைத்து, விரல்களை மூடினார். நசுங்கின விரலும் அதில் அகப்பட்டது. அவள் முகம் சுளித்தாலும் சத்தம் போடவில்லை.

"உன்னை எனக்கு இப்பவும் பிடிக்கல," என்றார்.

"எனக்கும் உங்களைப் பிடிக்கல," என்றாள் சைமி. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணி. ஒரு நிமிஷம் லேட்டானாலும் புகார் எழுதுவேன்."

கதவை அறைந்து சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தி, அவள் விரல்கள் தகட்டுப் பக்கம் இல்லை என்பதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அறைந்து சாத்தினார்.